விட்ட மீன்

நாகலாபுரத்து மலையிலிருந்து இறங்கி வரும் ஆற்றில், ஞாயிற்றுக்கிழமை என்றால் மீனைவிடச் சென்னைக்காரர்கள் அதிகம். பிரியாணிப் பொட்டலம், ஸ்பீக்கர் பெட்டி, இடுப்பளவு தண்ணீரில் செல்ஃபி. அந்தக் கூட்டத்துக்கு எட்டாத மேல் மடுவை ஒட்டித்தான் புது ரிசார்ட்டைக் கட்டினார்கள். கரையில் கம்பி வேலி போட்டு, 'ஃப்ளை பிஷிங் கற்றுத்தரப்படும்' என்று போர்டும் நட்டார்கள்.

அகிலா அங்கே வேலைக்குச் சேர்ந்ததற்குக் காரணம் மீன் இல்லை, இனி கம்பெனி பஸ்ஸில் ஏறக் கூடாது என்பதுதான். திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி விலங்கியல் படித்தவள். தெருவிலேயே முதல் டிகிரி. அந்த டிகிரியை வைத்துக்கொண்டு, கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடியே செல்போன் மூடிக்கு ஸ்டிக்கர் ஒட்டினாள். பாத்ரூம் போகக்கூட மேஸ்திரியைக் கேட்க வேண்டும். இந்த வேலை கிடைத்ததும் ஸ்டிக்கரை வீசிவிட்டு வந்துவிட்டாள்.

பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து அவளுக்குத் தூண்டில் வீசக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். மேனேஜர் கோபிகிருஷ்ணன் நாயுடுபேட்டைக்காரர். பாதித் தெலுங்கில், சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"சூடு அம்மாயி, இங்க பாரு, பொங்கல் சீசன்ல வர்ற மொத கெஸ்ட்டு மீன் புடிச்சி, சந்தோஷமா போவணும். போனா நீ பர்மனென்ட்டு. லேதண்டே, இல்லனா, உன் பஸ்ஸு இருக்கவே இருக்கு."

வீட்டில் சொன்னபோது அம்மா தாட்சாயணிக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா வேறு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஈய வெச்சா மீன் புடிக்கிறாங்க?"

"நெஜ ஈ இல்லம்மா. சேவல் எறக கொக்கில வெச்சி, நூல சுத்தி, ஈ மாரி செய்றது."

"அப்ப மீன ஏமாத்துறது."

"ஆமா."

"ஏமாத்திப் புடிச்சி?"

"வுட்டுடணும்."

பொன்னியம்மா வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தாள். "துன்னாதவன் எதுக்குடி புடிக்கிறான்? ஏண்டி தாட்சி, இதுக்கா பொண்ண திருப்பதி வரிக்கும் அனுப்பிப் படிக்க வெச்ச?"

"வெளாட்டுக்கா அது. உனக்குப் புரியாது" என்றாள் அகிலா. ஆனால் அம்மா சிரிக்கவில்லை. விடும்போது மீனுக்கு என்ன ஆகும் என்று கேட்டாள். கம்பெனியில் இருந்த காலமெல்லாம் மகளின் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்காதவள் கேட்டதும் அகிலாவுக்கு உற்சாகம் பொங்கியது. மீன் எப்படி மயங்கும், தண்ணீர் வரும் பக்கம் முகத்தை வைத்துத் தாங்கிப் பிடித்தால் செவுள் வழியாகத் தண்ணீர் போய் எப்படித் தெளியும், எல்லாவற்றையும் கையால் காட்டிச் சொன்னாள்.

"தெளியலனா?"

"தெளியலனா மல்லாந்துகினு அப்டியே கீழ போயிடும். நாவமரத்து வளைவுல போயி ஒதுங்கும்."

"ஓஹோ" என்றாள் தாட்சாயணி.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த, சீசனின் முதல் விருந்தாளி டாக்டர் பிரேமலதா. சென்னை. நல்ல மனுஷிதான், 'நீங்க வாங்க' என்றுதான் பேசினார். தூண்டில் கோலைக் கையில் கொடுத்ததும் மாட்டை ஓட்டுவதுபோல் வீசினார். கயிறு போய் வேலிக்காத்தான் முள்ளில் மாட்டியது. அகிலா எடுத்துவிட்டாள். மறுபடி வீசினார், மறுபடி முள்.

"அவசரப்படாதீங்க மேடம். கயிறு உங்களுக்குப் பின்னாடி முழுசா நீளட்டும். நீண்டப்புறம் முன்னாடி தள்ளுங்க. கைக்கு பலமே வேணாம்."

கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கோபிகிருஷ்ணன் வாட்சைப் பார்த்தார். வெயில் ஏறியது. மீன்களே, ஒருத்தராவது ஏமாறுங்களேன் என்று அகிலா உள்ளுக்குள் கெஞ்சினாள். பாறை நிழலில் ஒரு கெண்டை மூக்கை நீட்டியதைப் பார்த்து, மேடத்தின் மணிக்கட்டைப் பிடித்து, அந்த நிழலுக்கு நேராக வீச வைத்தாள். பொய் ஈ தண்ணீரில் உட்கார்ந்த மறு நொடி, கயிறு வெடுக்கென்று இழுத்தது.

"ஐயோ அகிலா! ஐயோ! என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாதீங்க, கோலை மட்டும் தூக்கியே வெச்சிருங்க!"

முழங்கை நீளக் கெண்டை. டாக்டர் சின்னப் பெண்போல் குதித்தார். போட்டோ எடுத்தார்கள். மீனைத் திருப்பி வைத்து எடுத்தார்கள். முத்தம் கொடுப்பதுபோல் எடுத்தார்கள். கோபிகிருஷ்ணனும் வந்து நின்று ஒன்று எடுத்துக்கொண்டார். 'போதும், செத்துடும்' என்று அகிலாவின் தொண்டை வரை வந்தது. பர்மனென்ட் என்ற சொல் அதை அடைத்துக்கொண்டது. ஒருவழியாக மீன் அவள் கைக்கு வந்தபோது செவுள் அசையவே இல்லை. முகத்தை நீரோட்டத்துக்குக் காட்டித் தாங்கினாள். "விடுங்க, நீந்தட்டும்!" என்று டாக்டர் செல்போனைத் தூக்கிக்கொண்டு அவசரப்படுத்தினார். விட்டாள். மீன் மல்லாந்தது. வெள்ளை வயிறு மேலே தெரிய, வளைவுப் பக்கம் மெல்லப் போனது.

"ரெஸ்ட் எடுக்குது மேடம்" என்றார் கோபிகிருஷ்ணன். அகிலாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

அப்போதுதான் வளைவிலிருந்து பெண்களின் கூச்சல் கேட்டது. நாவல் மரத்தடியில், முழங்காலுக்கு மேல் புடவையைச் செருகிக்கொண்டு தெருவே தண்ணீரில் நின்றது. கையில் கூடை, கொசுவலை, பிளாஸ்டிக் குடம். நடுவில் தாட்சாயணி. இரண்டு கையாலும் கெண்டையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

"அகிலா! மாட்டிகிச்சிடீ! இன்னும் ரெண்டு வுடுடீ!"

அம்மா அவ்வளவு வாய்விட்டுச் சிரித்து அகிலா பார்த்ததே இல்லை.

டாக்டரின் முகம் சுருங்கியது. "பாவம் அந்த மீன்! எடுத்துட்டாங்களே. யார் அவங்க? உங்க பேரைச் சொல்றாங்களே?"

"ஊர்க்காரங்க மேடம்."

கோபிகிருஷ்ணன் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"நீதானே சொல்லி வெச்ச? கெஸ்ட்டுங்க மீன் புடிக்க, உங்காளுங்க கொழம்பு வைக்கிறதா? போ. இப்பவே போயி தொரத்து. இனிமே இந்தப் பக்கம் ஒருத்தர் கால் வெக்கக் கூடாது."

இறங்கிப் போனாள். ரிசார்ட் கொடுத்த ரப்பர் பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்து கனத்தது.

"வாடி, சாய்ந்தரம் சீக்கிரம் வந்துடு, நைனாவுக்கும் புடிக்கும்" என்று ஆரம்பித்த தாட்சாயணி, மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"ஏறிப் போங்கம்மா. எல்லாரும்."

"இன்னாடி ஆச்சி? நீதான சொன்ன, இங்கதான் ஒதுங்கும்னு? வேணாம்னு வுட்டதத்தான எடுத்தோம்."

"எடுக்கக் கூடாதாம். இது அவங்க எடம்."

"நெலந்தான் நமக்கு இல்ல. ஆத்துக்குமா பட்டா குட்துட்டாங்க?" என்றாள் பொன்னியம்மா.

அகிலாவுக்குக் கோபம் வந்தது. கரையில் நிற்கிற ஆள்மேல் வர வேண்டிய கோபம், கூடையும் குடமுமாக நிற்கிறவர்கள்மேல் வந்தது. "சொன்னா புரியாதா உங்களுக்கு? மானத்த வாங்கறதுக்குன்னே வந்தீங்களா? போங்க!" என்று கத்தினாள். படித்த நாலு எழுத்து அந்தக் கத்தலில் நன்றாகவே உதவியது. மேடத்துக்கும் கேட்கும்படி, சுத்தமாக, கணீரென்று வந்தது.

தாட்சாயணி கையிலிருந்த கெண்டையைப் பார்த்தாள். குனிந்து, மகள் வீட்டில் காட்டிக்கொடுத்த அதே மாதிரி, முகத்தை நீரோட்டத்துக்கு வைத்துத் தாங்கிப் பிடித்தாள். பிறகு கையை எடுத்தாள்.

"இந்தா, வுட்டுட்டேன்."

செத்த மீன் இருவர் காலுக்கும் நடுவே போனது. பெண்கள் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள்.

வேலை போகவில்லை. மறுநாள் கோபிகிருஷ்ணன் அவளைக் கூப்பிட்டு பர்மனென்ட் என்றார். கோல் பிடித்துக் கற்றுத்தர சென்னையிலிருந்து சுனில் என்று ஒரு பையன் வருகிறானாம்.

"நீ வளைவுல நில்லு. நீ சொன்னாத்தான் உங்காளுங்க கேக்கறாங்க, சூசாம் கதா, பாத்தோமில்ல" என்று ஒரு விசிலை நீட்டினார்.

மூஞ்சியில் வீசி அடிக்க வேண்டும்போல் இருந்தது. பஸ்ஸை நினைத்தாள். வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு, நாவல் மரத்தடியில் நின்றாள். மேலே யாரோ மீன் பிடித்துக் கூவினார்கள். கொஞ்ச நேரத்தில் வேலிக்காத்தான் புதரை விலக்கிக்கொண்டு, மேலத்தெருப் பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். விட்ட மீன் இங்கே ஒதுங்கும் விஷயம் அதற்குள் அங்கேயும் பரவியிருந்தது. முன்னால் வந்தவள் அகிலாவைப் பார்த்ததும் கையை நீட்டி மற்றவர்களைத் தடுத்தாள்.

"வேணாம், வாங்கடி. அவங்க ஆளு நிக்கிறா."

விசிலுக்கு வேலையே இருக்கவில்லை.