கரடிப்பூனையை எழுப்ப ஓர் உத்தரவு

"அதை எழுத்துல குடுங்க சார்" என்றாள் அவள், இயக்குநரிடம்.

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று சித்தப்பா காலையிலிருந்தே அவளிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டிருந்தார். அந்த விலங்குக் காட்சிசாலையில் இருபத்திரண்டு வருஷம் கூண்டு கழுவியவர். மேலிடம் வாயால் சொன்னதைக் கையால் செய்துவிட்டுப் போக வேண்டும், காகிதம் கேட்டவன் உருப்பட்டதில்லை என்பது அவர் கட்சி. குடும்பத்தின் முதல் பட்டதாரியான அவளுக்கு இங்கே உதவியாளர் வேலை கிடைத்ததும் அவர் பத்துப் பேரிடம் பல்லிளித்ததால்தான்.

வினை கரடிப்பூனையால் வந்தது. கரடியும் அல்ல, பூனையும் அல்ல. இரவெல்லாம் கிளைக்குக் கிளை வாலைச் சுற்றித் திரியும். பகலில் கறுப்புக் கம்பளி மூட்டையாய் மர உச்சியில் கிடக்கும். அதன் மூத்திரம் அப்போதுதான் பொரித்த பாப்கார்னைப் போல மணக்கும். இது தெரியாத இயக்குநர் போன மாதம் அந்தப் பக்கம் வந்து மூக்கை உறிஞ்சிவிட்டு, வேலை நேரத்தில் பாப்கார்ன் தின்றதாக மூன்று பேருக்கு மெமோ கொடுத்தார். அதில் சித்தப்பாவும் ஒருவர். தின்னாத பாப்கார்னை இனிமேல் தின்னமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இப்போது கூண்டு காலி என்று பார்வையாளர்கள் புகார். தினம் பதினொரு மணிக்குக் கம்பால் குத்தி எழுப்பச் சொல்லி இயக்குநரின் வாய்மொழி உத்தரவு. பத்து நாள் சித்தப்பா குத்தினார். அது தீனியை விட்டது; தன் வாலையே கடித்துப் புண்ணாக்கிக்கொண்டது. இன்று முறை அவளுக்கு.

"ஒரு தட்டு தட்டுறதுக்கு எழுத்து எதுக்கும்மா?" என்றார் இயக்குநர்.

"பாப்கார்னுக்குக் குடுத்தீங்களே சார்."

கதவோரம் நின்ற சித்தப்பா, சின்னப் பிள்ளை, விவரம் போதாது என்று குழைந்தார்.

"விவரம் தெரிஞ்சுதான் கேக்குறேன் சித்தப்பா. செத்துப்போச்சுன்னா யார் சொல்லிக் குத்துனீங்கன்னு கேப்பாங்க. நீங்க யாரைக் காட்டுவீங்க?"

இயக்குநர் முகம் சிவந்தது. "முடியாதுன்னா நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

"அதையும் எழுத்துல குடுங்க சார்."

அலமாரியருகே கோப்பு அடுக்கிக்கொண்டிருந்த பியூனுக்குத் திடீரென்று இருமல் வந்தது. இயக்குநர் பேனாவைத் திறந்தார், காகிதத்தைப் பார்த்தார், மூடினார்.

அவள் பையை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். வன இலாகாவுக்கு எழுதிய புகார், விலங்கு மருத்துவரின் அறிக்கையோடு நேற்றே உறையில் போட்டு ஒட்டியாகியிருந்தது. விஷயம் தெரிந்த சித்தப்பா மூச்சிரைக்கப் பின்னால் வந்தார்.

"அதுல என் பேரும் இருக்கா?"

"இருக்கு சித்தப்பா" என்றாள். நிற்கவில்லை.