பத்து என்று போட்டவள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று அம்மா சொல்வார். முப்பத்தேழு வார வயிற்றைத் தூக்கிக்கொண்டு, காலை பத்து மணிக்கு, டார்னெய்ட்டில் பேர்ள் அன்ரி வீட்டுக் கதவைத் தட்டியதும் அந்தக் கோபத்தில்தான். பின்னறையில் வாடகைக்கு இருக்கும் அனோஜினியோடு சண்டை பிடிக்கப் போனேன். ஒரு பிள்ளைத்தாச்சி இன்னொரு பிள்ளைத்தாச்சியோடு சண்டைக்குப் போவாளா என்று கேட்காதீர்கள். நான் போனேன்.

அனோஜினி மன்னார்ப் பெண். இருபத்தாறு வயது, முதல் பிள்ளை, முப்பத்தாறாவது வாரம். கணவன் டெனிஸுக்கு ட்ருகனினாவில் ஒரு பெரிய கிடங்கில் வேலை. ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் என் பக்கத்துக் கதிரையில் இருந்தவள், "அக்கா, தமிழோ? இதில என்ன கேட்டுக் கிடக்கெண்டு ஒருக்கா சொல்லுறியளோ?" என்று ஒரு படிவத்தை நீட்டினாள். அன்று தொடங்கியது. அதற்குப் பிறகு பின்னேரங்களில் இரண்டு பேரும் குளத்தைச் சுற்றி நடப்போம். வீங்கிய காலோடு இரண்டு தாராக்கள் போல அசைந்து அசைந்து நடப்போம். எனக்கு மூச்சு வாங்கினால் அவள் நிற்பாள். அவளுக்கு இடுப்பு நாரி நொந்தால் நான் பிடித்துவிடுவேன். எங்கள் இரண்டு பேரின் அம்மாமாரும் ஊரில். விசா கிடைக்கவில்லை.

பிள்ளையின் துடிப்பை எண்ணுவது எங்கள் ஏற்பாடு. காலையில் சாப்பிட்டுவிட்டு இடப்பக்கம் சரிந்து படுத்து, பத்துத் தரம் துடித்ததும் வட்ஸ்அப்பில் 10 என்று போடுவோம். இந்தப் பத்தை எந்த நேர்சும் சொன்னதில்லை. உங்கள் பிள்ளையின் வழமையைத் தெரிந்து வைத்திருங்கள், மாறினால் உடனே வாருங்கள் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். ஆனால் நாங்கள் சோதனைப் புள்ளிக்குப் படித்து வளர்ந்த ஆட்கள். ஓர் எண் கையில் இல்லாவிட்டால் எங்களுக்கு நித்திரை வராது.

அந்த எண் எனக்கு ஏன் அவ்வளவு தேவை என்று நான் அனோஜினிக்குச் சொல்லவில்லை. டார்னெய்ட்டில் ஒருவருக்குமே சொல்லவில்லை. வயிற்றில் இருப்பது என் இரண்டாவது பிள்ளை. முதலாவது மூன்று வருடத்துக்கு முன், நாங்கள் சிட்னியில் ஹோம்புஷில் இருந்தபோது, இதே முப்பத்தேழாவது வாரத்தில் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. என் கணவர் அருந்தவன் அந்த வீட்டையும் ஊரையும் விட்டு என்னை இங்கே கூட்டிவந்தார். "பிள்ளைத்தாச்சியளுக்கு முன்னால உந்தக் கதையை எடுத்துப்போடாத. அவையளுக்கும் கூடாது, உனக்கும் கூடாது. பிறகு ஒருத்தியும் உன்னைக் கிட்ட அண்டவிடாள்" என்று அம்மா போனில் சொன்னார். அதனால் சாமான் கடையில் ஆராவது "முதல் பிள்ளையோ?" என்று கேட்டால் "ஓம்" என்பேன். அனோஜினியும் கேட்டாள். அவளுக்கும் "ஓம்" என்றேன். ஆஸ்பத்திரிக் கோப்பில் என் மூத்தவன் இருந்தான். என் வாயில் இல்லை.

சண்டைக்கு வருகிறேன். முந்தாநாள் நடக்கும்போது நான் வாய் பொறுக்காமல், "பிரசவ வகுப்புக்கு ஒரு நாளாவது வரத் தெரியாதோ உன்ர மனுசனுக்கு? பெட்டி அடுக்கிற கவனத்தில பெண்சாதியை மறந்துபோனாரோ?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. மறுநாள் காலை சரியாக எட்டு மணிக்கு 10 என்று வந்தது. வேறொன்றும் இல்லை. வழமையாக அவள் ஒரு கதை எழுதுவாள். அக்கா, இண்டைக்கு விக்கல். அக்கா, காலாலே விலாவில ஒண்டு போட்டாள். சரி, கோவிக்கிறாய், கோவித்துக்கொண்டு இரு என்று நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அன்று நடக்கவும் அவளைக் கூப்பிடவில்லை. இன்று காலையும் எட்டு மணிக்கு வெறும் 10. எனக்கு ஏறிவிட்டது. என்ன கண்டறியாத கோபம் இவளுக்கு!

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. ஒரு முழு நாளை நான் அப்படித் தொலைத்தேன்.

பேர்ள் அன்ரி கதவைத் திறந்து, "வா பிள்ளை, படுத்திருக்கிறாள்" என்றார். நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்னறைக்குப் போனேன். அனோஜினி இடப்பக்கம் சரிந்து கிடந்தாள். தலைமாட்டில் ஐஸ் தண்ணீர்ப் போத்தல். கட்டில் முழுக்கச் சொக்கலேட் தாள்கள். சட்டையில் மடு மாதாவின் பதக்கத்தை ஊசியால் குத்தியிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள்.

"ஏன் அக்கா வந்தனீங்கள்?"

"சண்டை பிடிக்க" என்றேன். சொல்லும்போதே அவளின் முகத்தைப் பார்த்தேன். அந்த ஐஸ் தண்ணீர், அந்தச் சொக்கலேட், அந்தக் கை வயிற்றில் வைத்திருந்த விதம். ஹோம்புஷ் வீட்டுக் கட்டிலில் நானும் அப்படித்தான் கிடந்தேன்.

"எப்ப இருந்து?"

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

"அனோஜினி! எப்ப இருந்து பிள்ளை துடிக்கேல்லை?"

"நேற்று விடியத் துடிப்புக் குறைஞ்சு போச்சு. ஆறு துடிப்பு வரைக்கும்தான் எண்ணினனான். இரவு ரெண்டு தரம். விடிஞ்சதில இருந்து…" அவளுக்கு வாய் கோணியது. "ஒண்டு மாதிரிக் கிடந்தது. அது அவளோ, என்ர வயித்து வாயுவோ எண்டு தெரியேல்லை அக்கா."

"அடி விசரி, பத்து எண்டு போட்டியே!"

"நீங்களும் பிள்ளைத்தாச்சிதானே அக்கா. உங்களிட்ட இப்பிடியான கதையை எப்பிடிச் சொல்லுறது? உங்களுக்குக் கூடாதெல்லோ."

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு என் அம்மா சொன்னதையே அவளுக்கு அவள் அம்மா சொல்லியிருக்கிறார். நான் அவளுக்கு ஒளிக்க, அவள் எனக்கு ஒளிக்க, நடுவில் அந்தச் சிசு.

"எழும்பு. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"பின்னேரம் டெனிஸ் வரட்டும் அக்கா. போன கிழமையும் இப்பிடிப் பயந்து போய், ஒண்டும் இல்லையெண்டு அனுப்பினவை. அவர் வேலையை விட்டுட்டு ஓடி வந்தவர். வெக்கமாக் கிடக்கு."

பேர்ள் அன்ரி குசினியில் இருந்து தேத்தண்ணீரோடு வந்தார். பாவம், கெட்ட மனுசி இல்லை. பெற்ற தாய் போலத்தான் இவளைப் பார்த்தார். "பயப்பிடுத்தாதை சிவாஜினி. கடைசி மாதத்தில பிள்ளை அடங்கும். உள்ளுக்கு இடமில்லை, எங்க துடிக்கிறது? என்ர நாலும் அப்பிடித்தான் கிடந்ததுகள். டெனிஸ் வரட்டும்."

இதே சொற்கள். ஹோம்புஷில் எனக்குச் சொன்னவரும் நல்ல மனுசிதான்.

"நானும் பின்னேரம் அவர் வரட்டும் எண்டுதான் இருந்தனான்" என்றேன். என் குரல் எனக்கே வேறு ஆருடையதோ போல இருந்தது. "இது எனக்கு முதல் பிள்ளை இல்லை அனோஜினி. உனக்குப் பொய் சொன்னனான். முதல் ஒரு பெடியன். பிள்ளை அடங்கும் எண்டு எனக்கும் சொன்னவை. ஐஸ் தண்ணி குடிச்சன், இனிப்புச் சாப்பிட்டன், பின்னேரம் வரைக்கும் படுத்திருந்தன். ஆஸ்பத்திரிக்குப் போகேக்குள்ள பிள்ளை செத்துப்போச்சு. பிள்ளை அடங்காது. கேக்குதோ? கடைசி நாள் வரைக்கும் துடிக்கும். துடிக்காட்டி ஏதோ பிழை."

"சிவாஜினி!" பேர்ள் அன்ரி கையில் இருந்த தேத்தண்ணீரைச் சிந்திவிட்டுச் சிலுவை அடையாளம் இட்டார். "என்ன கதை கதைக்கிறாய், பிள்ளைத்தாச்சிக்கு முன்னால!"

அனோஜினி என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே போர்வையை இழுத்து வயிற்றை மூடினாள். என்னிடம் இருந்து மூடினாள். அம்மா சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனால் போர்வையை இழுத்து மூடியவள் கட்டிலை விட்டு எழும்பினாள். அது போதும் எனக்கு. என்னைப் பேயென்று நினைத்தாலும் காரில் ஏறினால் போதும்.

வழமையாக என் பக்கத்தில் முன்சீற்றில் இருப்பவள் அன்று பின்சீற்றில் ஏறினாள். என் வயிறு ஸ்டியரிங்கில் முட்டியது. ரவுண்டபவுட்டுக்கு ரவுண்டபவுட் லொறிகள். ஒரு சிவப்பு விளக்கில் நான் கதவில் கையால் அடித்தேன், ஐயோ போடா, போவன்டா என்று முன்னால் நின்ற வெள்ளை நிறக் கார்க்காரனுக்குக் கத்தினேன். கண்ணாடியில் பார்த்தால் அனோஜினி கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைக்கிறாள். டெனிஸுக்குப் பேர்ள் அன்ரி வீட்டில் இருந்து போன் எடுத்துக்கொண்டிருந்தார். வேலை நேரத்தில் போனைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்ட வேண்டும், ஆர் எடுத்தாலும் மணி மட்டும்தான் அடிக்கும்.

ஆஸ்பத்திரி வளைவுக்குத் திரும்பும்போது பின்னால் இருந்து கேட்டாள், "பெயர் வைச்சனீங்களோ?"

"ஆரூரன்" என்றேன். மூன்று வருடத்தில் அந்தப் பெயரை வெளியாள் ஒருவருக்கு நான் சொன்னது அதுதான் முதல் தரம்.

வாசலில் இரண்டு பேரும் இறங்கினோம். நான்தான் பெரிய வயிறு, நான்தான் ஓலமிட்டு அழுதுகொண்டிருந்தேன். தள்ளுநாற்காலியை என்னிடம் கொண்டுவந்து என்னை இருத்தப் பார்த்தார்கள். "நானில்லை! அவள்! அவள்!" என்று இங்கிலீசில் கத்தினேன்.

உள்ளே ஒரு மிட்வைஃப், பிள்ளைப்பேறு பார்க்கும் நேர்ஸ், அனோஜினியின் வயிற்றில் களிம்பு பூசி, கையளவு கருவியை வைத்துத் தேடினாள். கீழே தேடினாள். பக்கத்தில் தேடினாள். கரகரவென்று இரைச்சல் மட்டும். அந்த இரைச்சலை எனக்குத் தெரியும். ஆரூரனைத் தேடும்போது கடைசியாக நான் கேட்டது அதைத்தான். கடவுளே, மாதாவே, எந்தத் தெய்வமெண்டாலும் சரி, இவளுக்கு வேண்டாம். அனோஜினியின் கை காற்றில் துழாவி என் கையைப் பிடித்தது. போர்வையை இழுத்து மூடிய அதே கை. எலும்பு நொறுங்குகிற மாதிரிப் பிடித்தாள்.

பிறகு கேட்டது. டொக். நீண்ட இடைவெளி. டொக். என் பிள்ளையினது குதிரை ஓடுவது போலக் கேட்கும். இது களைத்து நடப்பது போலக் கேட்டது. ஆனால் இருந்தது. மிட்வைஃப் சுவரில் ஒரு பொத்தானை அழுத்தினாள். ஐந்தாறு பேர் ஓடி வந்தார்கள். வெட்டி எடுக்க வேண்டும், இப்போதே, என்று டொக்டர் சொல்ல நான் தமிழில் சொன்னேன். "டெனிஸ் இல்லையே அக்கா" என்று மட்டும் சொன்னாள். கட்டிலோடு கொண்டு ஓடினார்கள். மடு மாதாப் பதக்கத்தைக் கழற்றி என் கையில் தந்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் கொரிடோரில் நான் இருந்த நேரத்தை எழுதத் தெரியவில்லை. பதக்கத்தின் ஊசி கையில் குத்தியதுகூடத் தெரியவில்லை. முப்பது நிமிடமாம், பிறகு சொன்னார்கள். நேற்று அவளைக் கூப்பிட்டிருந்தால், முகத்தைத் தூக்காமல் இருந்திருந்தால், கிளினிக்கில் முதல் நாளே உள்ளதைச் சொல்லியிருந்தால் என்று என்னை நானே தின்றேன்.

பெண் பிள்ளை. இரண்டு கிலோ சொச்சம். அழவில்லை. மூச்சுக்குக் குழாய் போட்டு மேல்மாடிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் இருக்கிறது, ஆனால் இரண்டு மூன்று நாள் போனால்தான் எதுவும் சொல்லலாம் என்றார்கள். இடைவேளையில் போனைப் பார்த்த டெனிஸ், ஒளிரும் மஞ்சள் வேலைச் சட்டையோடு ஓடி வந்து நேரே மேல்மாடிக்குப் போனான்.

பின்னேரம் அனோஜினிக்குப் பக்கத்தில் இருந்தேன். மயக்கம் தெளிந்து, வெளிறிப்போய், வெறுமையாகிப்போன வயிற்றில் கை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். பதக்கத்தை அவளின் தலையணையில் குத்திவிட்டேன். அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. காலையில் இருந்து நான் என் பிள்ளையை எண்ணவே இல்லை.

அனோஜினியின் பிரஷர் பார்க்க வந்த இளம் மிட்வைஃபிடம் சொன்னேன். அவள் ஒரு சொல்லும் கேட்காமல் என்னைக் கதிரையில் சாய்த்து, கருவியை என் வயிற்றில் வைத்தாள். உடனே கேட்டது, வேகமாக, திடமாக. நான் வாயைப் பொத்தினேன். பிள்ளையை இழந்தாளோ இழக்கவில்லையோ என்று தெரியாமல் கிடப்பவளுக்கு முன்னால் இந்தச் சத்தம். நிறுத்து என்று கை காட்டினேன்.

"நிப்பாட்ட வேண்டாம்" என்றாள் அனோஜினி. "இருக்கட்டும். கேக்கிறன்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டு, சும்மா கதைக்கிற மாதிரி, "இது முதல் பிள்ளையா?" என்று கேட்டாள்.

"இல்லை. இரண்டாவது."

"அப்படியா? மூத்தவருக்கு என்ன வயது?"

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

கட்டிலில் இருந்து அனோஜினி தலையை மெல்லத் திருப்பினாள். குழாய் வைத்திருந்த தொண்டை கரகரத்தது. "பேபி பாய்" என்றாள், தனக்குத் தெரிந்த இங்கிலீசில். "நேம், ஆரூரன்." அதற்கு மேல் இங்கிலீசு வராமல் என்னைப் பார்த்தாள்.

"அவனுக்கு இப்ப மூண்டு வயசு நடக்கும் எண்டு இவவுக்குச் சொல்லுங்கோ அக்கா."

நான் சொன்னேன்.