முரசுக்குப் பின்னால் நின்றவர்கள்

"ராணி சாகணும். முதல் பாகத்துலயே," என்றான் ஹாஸிம். டீயில் சர்க்கரை குறைச்சல் என்று சொல்கிற தொனி. "அம்மா உயிரோட இருந்தா பொண்ணு எப்படிக் கதாநாயகி ஆவா? குழந்தைங்களுக்கு அனாதைப் புள்ளைங்களைத்தான் பிடிக்கும்."

மஸ்தூரா மேசைக்கு அடியில் கைகளை இறுக்கிக்கொண்டாள்.

கெய்ரோவில் தொக்கிப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது அந்தக் கார்ட்டூன் கம்பெனி. முதலாளி ஹாஸிம். மஸ்தூரா சூடானில் தார்ஃபூர்க்காரி. சண்டையில் ஊர் எரிந்தபோது அம்மாவைக் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடி வந்தவள். 'மைரம்' என்ற தொடர் அவள் பெற்ற பிள்ளை. கதை, முகம், உடுப்பு, குதிரை, மலை, அத்தனையும் அவள் கை. மைரம் என்பது அவள் ஊரில் சுல்தான் வம்சத்துப் பெண்ணுக்குள்ள பட்டம்.

கதைப்படி மர்ரா மலையில் தாஜா என்றொரு ராணி. நூரா என்று ஒரே மகள். ராணியிடம் ஒரு செப்பு முரசு. அதை அவள் அடித்தால் செத்துப்போன முன்னோர்கள், பட்டும் வாளுமாக, மலைப் புகையிலிருந்து எழுந்து வருவார்கள். யோசனை சொல்வார்கள், படைக்கு முன்னால் நிற்பார்கள். ஒருநாள் அம்மாவுக்குத் தெரியாமல் மகள் முரசைத் தொட்டுவிடுகிறாள். முன்னோர்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால், அம்மா அடித்தபோது ஒருநாளும் கண்ணில் படாத இன்னொரு கூட்டமும் வந்து நிற்கிறது. கணுக்காலில் விலங்குத் தழும்பு. யாரும் வாய் திறப்பதில்லை. "யும்மா, இவங்கல்லாம் யாரு?" என்று மகள் கேட்கிறாள். ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்கிறாள்: "அவங்களைப் பார்க்காதே."

கதை அங்கேதான் தொடங்குகிறது. ஹாஸிம் வெட்டச் சொன்னது அதைத்தான்.

"அந்தக் கூட்டத்தையும் எடுத்துடுங்க. அடிமை, விலங்கு இதெல்லாம் போட்டா வளைகுடா சேனல்காரன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். ராஜா ராணின்னா பெருமையா இருக்கணும். அப்புறம் ராணியோட நிறத்தைக் கொஞ்சம் வெளுத்துடுங்க. இருட்டுக் காட்சியில முகமே தெரியல."

"விளக்கைக் கூட்டுங்க," என்றாள் மஸ்தூரா.

"என்ன?"

"முகம் தெரியலேன்னா விளக்கைக் கூட்டணும். தோலை உரிக்கக் கூடாது."

ஹாஸிம் சிரித்தான். டீச்சரம்மா என்பதுபோல 'உஸ்தாதா' போட்டுத்தான் பேசுவான். "சூடான்காரங்க சாதுன்னு சொல்வாங்க. நீங்க என்ன பச்சை மிளகாயா இருக்கீங்க, உஸ்தாதா? ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. ஒப்பந்தப்படி தொடர் கம்பெனியோடது. நீங்க மாத்தலேன்னா வேற ஆளு மாத்துவான். அதுக்கு மேல உங்க இஷ்டம்."

ஃபைஸல் தெருவுக்குப் போகும் மைக்ரோபஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போகும்போது அவள் பல்லைக் கடித்த சத்தம் பக்கத்து சீட்டுக்காரிக்கே கேட்டிருக்கும்.

வீட்டில் அவள் அம்மா கல்தூமா சூடான கல்லில் கிஸ்ரா மாவை ஊற்றி, தோசை போலத் தேய்த்து இழுத்துக்கொண்டிருந்தாள். நல்ல குஷியில் இருந்தாள். ராணிக்குக் குரல் கொடுக்க வந்த கெய்ரோ நடிகைக்கு தார்ஃபூர்ப் பேச்சு வரவில்லை. கல்தூமா ஒருநாள் மகளை ஃபோனில் திட்டியது தற்செயலாக ஹாஸிமின் காதில் விழுந்துவிட, "இந்தம்மாதான் ராணி" என்று முடிவு செய்துவிட்டான். அன்றிலிருந்து கல்தூமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. அவளுடைய அம்மாவின் கொள்ளுப்பாட்டி நிஜமாகவே ஒரு மைரம். தனக்கென்று கிராமங்களும் குதிரையும் வைத்திருந்தவள். வரி கேட்டு வந்த அதிகாரியைச் செருப்பால் அடித்தவள். வீட்டுக்காரன் வாடகை கேட்டு, "ஏ கறுப்பி" என்று கீழேயிருந்து கத்தினால்கூட கல்தூமா ஜன்னலைத் திறந்து, "மைரம் பேத்திடா நான்! கதவைத் தட்டிக் கேளு!" என்று திருப்பிக் கத்துவாள்.

"ராணி குரலுக்கு ராணி வம்சத்தைத்தானே கூப்பிடுவாங்க," என்றாள் மகளைப் பார்த்ததும். "வியாழக்கிழமை ரெக்கார்டிங்காமே? பச்சைத் தோப் சேலை கட்டிக்கவா, மஞ்சளா?"

"மைக்குல கலர் தெரியாது, யும்மா. குரலைத்தான் எடுப்பாங்க."

"எனக்குத் தெரியுமில்ல நான் என்ன கட்டியிருக்கேன்னு."

மஸ்தூரா பையைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தாள். ஹாஸிம் சொன்னதையெல்லாம் சொன்னாள். கல்தூமா அடுப்பை அணைத்தாள்.

"எந்தக் கூட்டம்? எனக்குக் குடுத்த தாள்ல கூட்டமே இல்லையே."

மடிக்கணினியைத் திறந்து காட்டினாள் மகள். கல்தூமா பார்த்தாள். விலங்குத் தழும்புக் கால்கள் வரிசையாக வந்தபோது அவள் உதடு இறுகியது. ராணியின் வாயசைவின் கீழே எழுத்தாக ஓடிய வார்த்தையை வாசித்ததும் பட்டென்று மூடியைச் சாத்தினாள்.

"எங்க மைரமை மனுஷங்களை வித்தவளா வரைஞ்சிருக்கியா?"

"வித்தா. நீயே சொல்லியிருக்க."

"வீட்டுக்குள்ள சொன்னேன்டி! ஊரு, நிலம், வீடு எல்லாம் போச்சு. இந்த ஒண்டுக்குடித்தனத்துல எனக்குன்னு மிச்சமிருக்கிறது அந்த ஒரு பேரு. அதையும் கொண்டுபோய்ச் சின்னப் புள்ளைங்க முன்னாடி சேத்துல போடுறியா? அந்த ஆளு சொல்றதுதான் சரி. எடுத்துடு."

"'அவங்களைப் பார்க்காதே'ன்னு யாரு சொன்னா? ராணியா? நீ சொன்னது! எனக்குப் பத்து வயசு. ஹலூமா அத்தை பெருநாளைக்குப் பாத்திரம் தேய்க்கப் பின்வாசல்ல வந்து நின்னா. கூட அவ மகன் அபக்கர். விளையாடப் போனேன். முடியைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து சொன்னே. 'அவங்களைப் பார்க்காதே. அவங்க நம்ம ஆளுங்க இல்ல, நம்ம வீட்டுக்கு அடிமையா இருந்த ஆளுங்க.' மூணு தலைமுறையா அவங்க யாருக்கும் அடிமை இல்ல, யும்மா! அப்பவும் நீ அவளை உட்காருன்னு சொன்னதில்ல."

"ஆரம்பிச்சிட்டியா?"

"அபக்கர் வாத்தியாராகி, சர்க்கரையும் துணியும் எடுத்துட்டுப் பெண் கேட்டு வந்தப்போ வாசல்லயே திருப்பி அனுப்பினியே. நான் உள்ள நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருந்தேன்."

"உனக்கு நல்லதுக்குத்தான்."

"எனக்கு என்ன நல்லது நடந்துச்சு? சொல்லு! மைரம் பேத்திக்கு மாப்பிள்ளை எங்க? அரண்மனை எங்க?"

கல்தூமா கையை ஓங்கினாள். முப்பது தாண்டிய மகளை அடிப்பதற்கு வெட்கப்பட்டு அந்தக் கையாலேயே கிஸ்ராவை மூடிவைத்தாள். இருவரும் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை.

வியாழக்கிழமை கல்தூமா மஞ்சள் தோப் கட்டிக்கொண்டு, கையில் மருதாணியோடு கம்பெனிக்கு வந்தாள். மகளோடு வரவில்லை, தனியாக வேறு வண்டி பிடித்து வந்தாள். அறைக்குள் நுழைந்ததும் மகளைத் தாண்டிப் போய் ஹாஸிமிடம், "தம்பி, நீங்க சொன்னது எனக்குச் சம்மதம். அந்தக் கூட்டம் வேண்டாம்," என்றாள்.

"கேட்டீங்களா உஸ்தாதா? ஹாஜியம்மாவுக்கே புரியுது," என்றான் ஹாஸிம்.

மஸ்தூராவுக்கு அந்த நிமிடம் இரண்டு பேரையும் சேர்த்து ஜன்னல் வழியே தள்ளிவிடலாம் போலிருந்தது. மூலையில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

ஒலிப்பதிவுக் கூண்டுக்குள் கல்தூமாவை உட்கார வைத்தார்கள். எதிரே திரை. திரையில் புது ராணி வந்தாள். மஸ்தூரா வரையாத ராணி. பாலில் ஒரு சொட்டு டீ விட்ட நிறம். மூக்கு கத்திமாதிரி. பூப்போட்ட மெத்தையில் படுத்திருந்தாள். கன்னத்தில் ஒரு கண்ணீர்த்துளி. கல்தூமா படிக்க வேண்டிய வரி தாளில் இருந்தது: "கண்ணே, நான் போகிறேன். எப்போதும் நல்ல பெண்ணாக இரு."

கல்தூமா தாளைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.

"இது யாரு?"

"ராணி, ஹாஜியம்மா," என்றது ஒலிப்பதிவுக்காரரின் குரல்.

"எந்த ராணி? இஸ்தான்புல் ராணியா?"

ஹாஸிம் பொத்தானை அழுத்தி, "கார்ட்டூன்தானே ஹாஜியம்மா. அழகா இருக்கட்டும்னு..." என்றான்.

"அப்போ நான் அசிங்கமா?"

"ஐயோ, அப்படிச் சொல்லல..."

"எந்த வியாதியில சாகுறா இவ?"

"வியாதின்னு ஒண்ணும் இல்ல. துக்கத்துல."

"துக்கத்துல!" கல்தூமா எழுந்தேவிட்டாள். காதுக்கருவியின் கம்பி இழுத்துக்கொண்டு வந்தது. "ஏன் தம்பி, எங்க மைரம் குதிரை மேல உட்கார்ந்து புள்ளை பெத்தவ. அதிகாரியைச் செருப்பால அடிச்சவ. துக்கம் வந்தா அடுத்தவனைச் சாகடிப்பாளே தவிர தான் சாக மாட்டா. நல்ல பொண்ணா இருன்னு அவ எவகிட்டயும் சொன்னதில்ல. நானும் சொன்னதில்ல. கேளுங்க, அதோ நிக்கிறாளே, அவகிட்ட."

ஹாஸிமுக்குப் பொறுமை போயிற்று. "என்னம்மா பெரிய மைரம்? நாலு குடிசைக்கு ஒரு ராணி. ஃபாரோ மன்னர் பரம்பரை மாதிரி பேசுறீங்களே. எங்க வீட்டுல பாத்திரம் கழுவுறதும் சூடான்காரிதான். அவளும் ராஜா பேத்தின்னுதான் சொல்றா."

மஸ்தூரா சுவரை விட்டு நகர்ந்தாள். அவள் அவனை அடிக்கத்தான் போனாள். பின்னால் எத்தனை முறை யோசித்தபோதும் அதில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அதற்குள் கல்தூமாவின் குரல் வந்தது. கத்தல் இல்லை, அதனாலேயே எல்லோரும் திரும்பினார்கள்.

"பாத்திரம் கழுவுறவளை உங்க வீட்டுல உட்காரச் சொல்வீங்களா, தம்பி?"

ஹாஸிம் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"சொல்ல மாட்டீங்க. நானும் சொன்னதில்ல." மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "மஸ்தூரா, உன் ராணியைப் போடு. அந்தக் கூட்டத்தைப் போடச் சொல்லு," என்றாள்.

ஒலிப்பதிவுக்காரர் முதலாளியைப் பார்த்தார். மஸ்தூரா அவரைத் தாண்டிப் போய்த் தானே அந்தக் காட்சியை ஓடவிட்டாள். பழைய ராணி வந்தாள், காப்பிக்கொட்டை நிறத்தில், பல்லிடுக்கோடு. மகள் முரசைத் தொட்டாள். முன்னோர்கள் வந்தார்கள். பின்னால் அவர்கள் வந்தார்கள். யும்மா, இவங்கல்லாம் யாரு?

"அவங்களைப் பார்க்காதே."

கல்தூமா சொன்னது ஒரே தடவை. நடிப்பு என்று அதில் எதுவும் இல்லை. ஒரு குழந்தையின் தலைமுடியைப் பிடித்து இழுக்கும்போது வருகிற குரல். அந்தக் குழந்தை எங்கே உண்மையைப் பார்த்துவிடுமோ என்று பயந்த குரல். மஸ்தூராவுக்கு உச்சந்தலை வலித்தது. ஒலிப்பதிவுக்காரர், "யா சலாம்," என்று தன்னையறியாமல் வியந்து சொல்லிவிட்டு முதலாளியின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

"அதுல முதல் ஆளா நிக்கிறவளுக்குப் பேரு வச்சிருக்கியா?" என்று கூண்டுக்குள்ளிருந்து மகளைக் கேட்டாள் கல்தூமா.

"இல்ல."

"ஸபுரான்னு வை. எங்க மைரம் தன் மகளுக்குச் சீதனமா குடுத்த அடிமைப் பொண்ணு. பொறுமைன்னு அர்த்தம். நாங்கதான் வச்சோம் அந்தப் பேரை. ஹலூமாவோட பூட்டி." பிறகு காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "தம்பி, உங்க செத்த பொம்மைக்கு வேற ஆளைப் பாருங்க."

வேறு ஆளைப் பார்த்தார்கள். தொடர் கம்பெனியுடையது, அதில் மஸ்தூரா செய்ய ஒன்றுமில்லை. தன் பேரை எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். அதை மட்டும் மகிழ்ச்சியாகச் செய்தார்கள். ரமலானில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு 'மைரம்' ஒளிபரப்பானது. வெளுத்த ராணி முதல் பாகத்திலேயே துக்கத்தில் செத்தாள். முரசு அடித்தால் பட்டும் வாளும் மட்டும் வந்தன. பின்னால் வெறும் புகை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாடிப்படியில் தகர டப்பாவைத் தட்டி விளையாடின. தொடர் நன்றாகவே ஓடியது. மஸ்தூராவுக்கு அதுதான் தாங்கவில்லை. ஒரு சூடானியப் பள்ளியில் ஓவிய டீச்சர் வேலை கிடைத்தது. சாக்பீஸை அழுத்தி அழுத்தி உடைத்தாள்.

அம்மா மேலும் கோபம் தீரவில்லை. ஒருநாள் நோன்பு திறக்க அம்மா அஸீதாக் களி கிளறும்போது கேட்டேவிட்டாள்: "மைக் முன்னாடி அவ்வளவு பேசினியே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"என்ன சொல்லணும்?"

"உனக்குத் தெரியும்."

கல்தூமா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஃபோனை எடுத்து நீட்டினாள். "ஹலூமா சாட் நாட்டுல அகதி முகாம்ல இருக்காளாம். நம்பர் வாங்கி வச்சிருக்கேன். போட்டுக் குடு."

ஹலூமா எடுத்தாள். "யாரு?" என்றாள். கல்தூமா பேரைச் சொன்னாள், ஸபுராவை மகள் படமாக வரைய நினைப்பதையும் சொன்னாள். பிறகு ஆரம்பித்தது. ஃபோனைக் காதில் வைத்திருந்தாலும் ஒவ்வொரு வார்த்தையும் சமையலறை முழுக்கக் கேட்டது. பின்வாசலில் நின்ற பெருநாள்கள், திருப்பி அனுப்பிய சர்க்கரை, அவமானத்தில் ஊரை விட்டே போய் சாட் நாட்டு அபெஷேயில் கல்யாணம் பண்ணிக்கொண்ட மகன், எல்லாம் வந்தது. "செத்த பூட்டியை உன் மக படம் வரையப் போறாளாம்! உங்களுக்கு நாங்க உயிரோட வேணாம், படமா மட்டும் வேணுமா? நீங்க வச்ச பேரைத் தவிர அவளுக்கு ஒரு பேரு இருந்துச்சு, தெரியுமாடி? அதை உனக்குச் சொல்ல மாட்டேன். உன் மகளுக்கும் சொல்ல மாட்டேன்!"

யாருக்கும் அடங்காத கல்தூமா "ம்" கொட்டிக்கொண்டு நின்றாள். நடுவில் ஒரு தடவைகூட மைரம் என்று சொல்லவில்லை. அஸீதா அடிப்பிடித்தது, மஸ்தூரா நகரவில்லை. மறுமுனையில் ஃபோன் வைக்கப்பட்ட பிறகும் கல்தூமா காதிலிருந்து அதை எடுக்கவில்லை.

"நாளைக்கும் போட்டுக் குடு," என்றாள் கடைசியில்.

"நீயே போடக் கத்துக்கோ," என்றாள் மஸ்தூரா.

கல்தூமா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, ஃபோனை முகத்துக்குக் கிட்டே வைத்து, ஒற்றை விரலால் ஹலூமாவின் பேரைத் தேட ஆரம்பித்தாள்.