பன்னிரண்டாவது கீற்று

“முடியாதுன்னு நான் எங்க அண்ணி சொன்னேன்? வேணாம்னுதான் சொல்றேன்.”

“ரெண்டுக்கும் என்னடி வித்தியாசம்?”

“முடியாதுன்னா நீங்க சொல்லிக் குடுக்கலாம். வேணாம்னா என்ன பண்ணுவீங்க?”

“உன் தலையில ரெண்டு போடுவேன்.”

“போடுங்க. அதுக்கு முன்னாடி அந்த ஈரத் துணியை இப்படித் தள்ளுங்க.”

தள்ளினேன். தள்ளிய பிறகுதான் உறைத்தது. பசை அறைக்கு மேற்பார்வையாளர் நான். என்னை ஏவுகிறவள் என் கணவரின் தங்கை, என் கீழ் வேலை பார்க்கும் பதினோரு பேரில் ஒருத்தி. அவளிடம் எனக்கு எப்போதும் இதுதான் கதி. கோபமாகப் போவேன், ஏதாவது ஒரு எடுபிடி வேலை செய்து கொடுத்துவிட்டுத் திரும்பி வருவேன்.

நாங்கள் உலக உருண்டைகள் செய்கிறோம். பள்ளிக்கூட மேசையில் சாய்ந்து நின்று சுற்றுமே, அதுதான். மேல்மாடியில் உலகத்தை வரைகிறார்கள். அது பன்னிரண்டு கீற்றுகளாக அச்சாகி, நடுவில் அகன்றும் இரு முனைகளில் கூர்ந்தும் எங்களிடம் இறங்கி வரும். நாங்கள் பசை தடவி அட்டைப் பந்தின் மேல் ஒவ்வொன்றாக ஒட்டுவோம். கேட்பதற்கு ஒன்றுமில்லாத வேலை. ஆனால் ஈரம் பட்ட காகிதம் நீளும். முதல் கீற்றில் ஒரு மயிரிழை பிசகினால், பன்னிரண்டாவதில் அது அரை விரற்கடையாக வளர்ந்திருக்கும். கடைசிக் கீற்றுக்கு இடம் பத்தாது, இல்லாவிட்டால் இடம் மிஞ்சிப் பல்லை இளிக்கும். கூர்முனைகள் துருவத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கசங்கும். அதை மறைக்க மேலும் கீழும் ஒரு வட்டக் காகிதம் ஒட்டுகிறோம். அதற்குப் பெயர் தொப்பி. தொப்பி மட்டும் இல்லையென்றால் எங்கள் பட்டறையின் பாதி மானம் என்றோ போயிருக்கும்.

என் நாத்தனாரின் உருண்டைகளுக்குத் தொப்பி தேவையில்லை. ஒட்டியாக வேண்டும் என்பது விதி, அதனால் ஒட்டுகிறாள். எட்டு வருடமாக ஒரே மேசை, ஒரே ஜன்னல், ஒரே வேகம். அந்த வேகத்துக்காகப் பட்டறையில் அவளுக்கு ‘நிதானம்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. யாராவது கடைசிக் கீற்றில் முட்டிக்கொண்டு கையைப் பிசைந்தால், “என்ன அவசரம்? அது வந்து சேரும்” என்பாள். அதுவும் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் அவள் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குத்தான் இத்தனை கெஞ்சல்.

மேல்மாடி வரைபட அறையில் ஒரு முக்காலி காலியாகிறது. அந்த முக்காலிக்காக நான் ஒன்பது வருடமாகக் காத்திருக்கிறேன். வீணாய்ப்போன கீற்றுகளை வீட்டுக்கு எடுத்துப்போய், சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, பின்பக்கத்தில் கடற்கரைகள் வரைந்து பழகியிருக்கிறேன். கடற்கரைக்குக் கோடு போடத் தெரிந்தால் மட்டும் போதாது. எங்கே நடுங்க வேண்டும், எங்கே நடுங்கக் கூடாது என்று கைக்குத் தெரிய வேண்டும். போன மாதம் அவற்றில் முப்பதைக் கட்டி எடுத்துக்கொண்டு மேலே போனேன். வரைபட அறைத் தலைவி ஒவ்வொன்றாகப் புரட்டினார். “இத்தனை நாளா கீழ என்னம்மா பண்ணிட்டிருந்தே?” என்றார். பாராட்டு என்று நினைத்து மகிழ்ச்சியோடு படியிறங்கினேன். பாதிப் படியில் அது வெறும் கேள்வியாகிவிட்டது.

மேனேஜர், வெற்றி பெறுவது எப்படி என்கிற மாதிரிப் புத்தகங்களை நிறையப் படிப்பவர். தடையே சொல்லவில்லை. “தாராளமா மேல போங்க. உங்க நாற்காலிக்கு ஒரு ஆளை மட்டும் காட்டிட்டுப் போங்க” என்றார். அந்த ஆளுக்குப் பசை அறையில் ஐந்து வருடமாவது ஆகியிருக்க வேண்டும், சம்மதம் என்று எழுத்தில் தர வேண்டும். அப்படி இரண்டே பேர்தான். ஒருத்திக்கு இது எட்டாவது மாதம். அடுத்த வாரத்திலிருந்து விடுப்பு. இன்னொருத்தி நிதானம்.

அவளைப் பற்றி மேனேஜருக்கு ஏற்கெனவே ஒரு வருத்தம் உண்டு. வருடத் தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்து, ‘ஐந்து ஆண்டுகள் கழித்து எங்கே இருப்பீர்கள்?’ என்று எழுதச் சொன்னார். ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். நான் இரண்டு பக்கம் எழுதினேன். நிதானம் ஒரே வரிதான் எழுதினாள்: ‘இதே மேசையில். வெயில் காலத்தில் ஜன்னலுக்கு ஒரு திரை போட்டால் நல்லது.’ அதைச் சிவப்பில் வட்டமிட்டு என்னிடம் கொடுத்து, “கிண்டல் பண்றாங்களா?” என்று கேட்டார். இல்லை, உண்மையாகவே அதைத்தான் சொல்கிறாள் என்று விளக்கினேன். அது அவருக்கு இன்னும் அதிகமாக வலித்தது.

திங்கட்கிழமை மாலை வீட்டில் என் கணவரைப் பிடித்தேன். குழாயடியில் உட்கார்ந்து வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார்.

“உங்க தங்கச்சிகிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாதா?”

“என்னன்னு?”

“நாற்காலி, தனி மேசை, சாவி, சம்பளம் கூட. யாராவது இதை வேணாம்பாங்களா?”

“அவ நல்லாத்தானே இருக்கா, விடேன்.”

“நான் நல்லா இல்லையே!”

“நீ எப்ப நல்லா இருந்த?”

வேடிக்கையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு அரை மணி நேரம் அந்த வாஷரை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அவள் அந்த மேசையை இவ்வளவு பிடித்துக்கொண்டிருப்பதால்தானே என் நாற்காலிக்கு வர மாட்டேன் என்கிறாள்? அந்த மேசையைக் கசக்க வைத்தால்?

அவளை ஜன்னலோரத்திலிருந்து கிடங்குச் சுவர் பக்கம் மாற்றினேன். “வெளிச்சம் சரியா இல்லையே அண்ணி” என்றாள். “எல்லாருக்கும் முறை வைக்கணும்ல” என்றேன். வாய் கூசும் பொய். பிறகு எலுமிச்சம்பழ அளவு உருண்டைகளில் நானூறை அவள் முன்னால் கொட்டினேன். பென்சில் டப்பாவுக்கு மூடியாகப் போகிற உருண்டைகள். அதற்கும் பன்னிரண்டு கீற்றுதான். ஒவ்வொன்றும் வெட்டிப் போட்ட நகம் மாதிரி இருக்கும். அந்தப் பெட்டி வந்தாலே பட்டறையில் தலைவலியும் வயிற்றுவலியும் ஒரே நேரத்தில் பரவும்.

அவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். “அய்யோ, குட்டி!” என்றாள்.

அத்தோடு சரி, என் திட்டம் அங்கேயே படுத்துவிட்டது. எனக்குத் தெரிய இரண்டு நாள் பிடித்தது, அவ்வளவுதான். புதன்கிழமை மதியம் பசை அறையே அவள் மேசையைச் சுற்றி நின்றது. “இத பாருங்களேன், சுண்டு விரல் நகத்துல ஒரு பெருங்கடல் முழுசா நிக்குது” என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். கூட்டத்தைக் கலைக்கப் போன நானும் குனிந்து பார்த்தேன். நின்றது. வியாழக்கிழமை மேனேஜர் அதில் ஒன்றை எடுத்துப்போய்த் தன் மேசையில் வைத்துக்கொண்டு என்னை அழைத்தார்.

“இவங்கதான் சரியான ஆள். சீக்கிரம் கையெழுத்து வாங்கிடுங்க. நாளைக்குள்ள வரலேன்னா முக்காலியை வெளியாளுக்குக் குடுத்துடுவாங்களாம்.”

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கிடங்குச் சுவர் பக்கம் அவள் உட்கார்ந்திருந்ததால் அதற்கும் வழியில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணி. ஒரு நூலகக் கூடத்துக்குப் போக வேண்டிய பெரிய உருண்டை அறையின் நடுவே நின்றது, இடுப்பு உயரத்துக்கு. அதன் கீற்றுகளை ஒருவரே ஒட்ட முடியாது. ஒருவர் மேலிருந்து வைத்து வர, இன்னொருவர் கீழ்நுனியைத் தொங்கலாகப் பிடித்திருக்க வேண்டும். பதினொன்று ஒட்டியாகிவிட்டது. பிடித்துக்கொண்டிருந்த கர்ப்பிணிக்குக் கால் வலிக்கிறது என்று உட்கார, நிதானம் என்னைக் கூப்பிட்டாள்.

“வாங்க அண்ணி, கடைசி ஒண்ணுதான்.”

போனேன். வேறென்ன செய்ய? அவள் பன்னிரண்டாவது கீற்றுக்குப் பசை தடவ ஆரம்பித்தாள், உலகத்தில் வேறு வேலையே இல்லாதவள் போல.

“படிவம் பையிலதானே இருக்கு?”

“இருக்கு.”

“நாலு நாளா உங்க பையிலேர்ந்து எட்டி எட்டிப் பாக்குது, பாவம். ஓரமெல்லாம் பசை.”

பையின் வாயை இழுத்து மூடினேன்.

“குட்டி உருண்டை எதுக்குக் குடுத்தீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?”

என் காது சூடானது. அவள் தூரிகையை நிறுத்தவில்லை.

“சலிச்சுப் போய், ‘அண்ணி காப்பாத்துங்க, என்னை அந்த நாற்காலியில உக்கார வைங்க’ன்னு அழுவேன்னுதானே? நல்ல யோசனைதான். வேற யாரா இருந்தாலும் அழுதிருப்பாங்க.”

“அப்ப சொல்லித் தொலையேன்டி. எதுக்கு வேணாம்? ஒரே ஒரு காரணம் சொல்லு, நான் போயிடறேன்.”

“உங்க பையன் கையை உடைச்சுக்கிட்டானே, அப்ப எட்டு நாள் லீவு போட்டீங்க. யார் உக்காந்தா உங்க நாற்காலியில?”

“நீதான். ஒரு குறை இல்லாம நடந்துச்சுன்னு மேனேஜரே சொன்னார்.”

“நடந்துச்சு. ஆனா அந்த எட்டு நாளும் ஒரு உருண்டையைக்கூட நான் பாக்கல அண்ணி. எல்லாரோட கையையும்தான் பாத்தேன். எந்தக் கை எங்க தப்புப் பண்ணுதுன்னு. அஞ்சாவது நாள், பசையை அள்ளி அப்பிட்டாளேன்னு அந்தப் புதுப் பொண்ணைப் பாத்துக் கத்தினேன். அது கழிப்பறையில போய் அழுதுச்சு. வீட்டுக்குப் போனா, என் பொண்ணு பென்சில் பிடிக்கிற கையைப் பாத்துக் கத்துறேன். பயந்தே போயிட்டேன்.”

“ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். பழகிடும்.”

“அதான் பயம். உங்களுக்குப் பழகிடுச்சே.”

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. இன்று துணி காயவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

“நான் வேலைக்கு வந்த புதுசுல நீங்க என் பக்கத்துல ஒட்டிக்கிட்டிருந்தீங்க. ஞாபகம் இருக்கா? பாடிக்கிட்டே ஒட்டுவீங்க. சுருதியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது, கர்ண கொடூரம். கடைசிக் கீற்று சேரவே சேராது. ‘தொப்பி எதுக்கு இருக்கு’ன்னு சிரிச்சுக்கிட்டே மேல ஒண்ணை ஒட்டிட்டு அடுத்ததை எடுப்பீங்க.”

மறந்தே போயிருந்தேன். நாற்காலி கிடைத்த ஆறு வருடத்தில் நான் பாடியதாக நினைவில்லை. எந்தத் தொப்பியையும் பார்த்துச் சிரித்ததாகவும் நினைவில்லை. அதனடியில் யார் என்ன கசக்கி வைத்திருக்கிறார்கள் என்று நகத்தால் நெம்பித்தான் பார்த்திருக்கிறேன்.

நான் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் சரியாகத் தெரிந்தது. என்னைப் பிழிந்து காயப்போட்ட நாற்காலியில், எனக்குத் தெரிந்த ஒரே நிறைந்த மனுஷியை உட்காரச் சொல்கிறேன். தெரிந்த பிறகு விட்டுவிடத்தான் வேண்டும். ஆனால் மேல்மாடியில் அந்த முக்காலி இருக்கிறது, அதன் முன்னால் சாய்ந்த பலகை, அதன் மேல் இன்னும் யாரும் வரையாத ஒரு கடற்கரை. தெரிந்த பிறகும் எனக்கு அது வேண்டும். என் மேலேயே எரிச்சலாக வந்தது.

“பிடிங்க அண்ணி. கீழ்நுனி. இழுக்காதீங்க, சும்மா தாங்கிக்கிட்டா போதும்.”

ஈரக் கீற்று எங்கள் இருவருக்கும் நடுவே தொங்கியது. பதினொன்றாவது கீற்றுக்கும் முதல் கீற்றுக்கும் இடையில் அட்டையின் வெறும் பழுப்பு தெரிந்தது. என் கண்ணுக்கு அந்த இடைவெளி குறுகல்.

“இடம் பத்தாதுடி.”

“என்ன அவசரம்? வந்து சேரும்.”

சுவர்க்கடிகாரத்தில் நாலுக்குப் பத்து நிமிடம். மேனேஜர் அறைக் கதவு திறந்தே இருந்தது. உட்கார்ந்திருந்த கர்ப்பிணி எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். என் இரண்டு கையும் காகிதத்தில். படிவம் பையில்.

“ஆறு மாசம்” என்றேன். குரலைத் தணிக்கப் பார்த்தேன், அது கேட்கவில்லை. “வெறும் ஆறு மாசம். இவ பிள்ளை பெத்து வந்ததும் நாற்காலியை இவகிட்ட குடுத்துடலாம். இவளுக்கு அதும்மேல ஒரு கண்ணு, எனக்குத் தெரியும். அதுவரைக்கும் நீ அதுல உக்காரவே வேணாம். ஜன்னல் பக்கம் போய் உன் பாட்டுக்கு ஒட்டிக்கிட்டிரு, திரையும் நான் போட்டுத் தரேன். யார் கையையும் நீ பாக்காதே. மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நான் மேலேர்ந்து இறங்கி வந்து, கத்த வேண்டியதையெல்லாம் நானே கத்திட்டுப் போறேன். நீ ஒண்ணே ஒண்ணு பண்ணு. இந்தக் கீற்றை ஒட்டி முடிச்சதும் கையைத் துடைச்சிட்டு, எனக்காக அந்தக் கையெழுத்தை மட்டும் போட்டுடேன்டி.”