எர்மெதே எடுத்த வெயில்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு ஜனவரியில் இத்தாலியில் எங்கள் ஊரான கொமாக்கியோவின் மீனவர் சங்கத்து வெளிச்சுவரில் விழுந்த வெயில் ஏப்ரல் வரைக்கும் போகவில்லை. ஊர் முழுக்க மூடுபனி. கால்வாயின் அக்கரை தெரியாது, மதுக்கடையில் மத்தியானமே விளக்கைப் போட்டுவிடுவார்கள். அந்த ஒரு சுவரில் மட்டும் ஜூலை மாதத்து உச்சிவெயில். எர்மெதே ஃபெல்லெட்டி தன் முதல் படத்தை அதில் காட்டி முடித்து, புரொஜெக்டரை அணைத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். வெளிச்சம் அவனோடு போகவில்லை. மறுநாள் பெண்கள் அங்கே கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள். சட்டையெல்லாம் மொடமொடவென்று காய்ந்தது என்பதுதான் அந்தப் படத்துக்கு எங்கள் ஊரில் கிடைத்த ஒரே விமர்சனம்.

படம் என்றதும் கதை, சண்டை, முத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். காயல் தண்ணீரில் வெயில் விழுவதை முக்கால் மணி நேரம் எடுப்பான், பிலிமையே மீன்முள்ளால் கீறுவான், அவ்வளவுதான். ஸ்டுடியோ, முதலாளி யாரும் கிடையாது. பிலிமைத் தன் வீட்டுக் குளியல் தொட்டியிலேயே கழுவுவான். கழுவும்போது நடுவில் புளித்த தண்ணீரில் ஒரு முக்கு முக்க வேண்டும், வினிகரே போதும். எங்கள் ஊரில் வினிகருக்கா பஞ்சம்? விலாங்கு மீனைத் தணலில் சுட்டு வினிகரில் ஊறவைத்து விற்பதுதானே பாதி ஊருக்குப் பிழைப்பு. அங்கே வேலை பார்த்த ஜெலிந்தாவிடம் ஒரு குடம் கேட்டான். அவள் அவசரத்தில் பீப்பாய் மாறி, விலாங்கு ஊறிய வினிகரைப் பிரிஞ்சி இலையோடு ஊற்றிக் கொடுத்துவிட்டாள். தலையை வெட்டினாலும் லேசில் சாகாத ஜந்து விலாங்கு. அது ஊறியதில் முக்கியெடுத்த வெளிச்சமும் அப்படித்தானே இருக்கும் என்று ஊர் ஒப்புக்கொண்டது. பாதிரியார் மட்டும் ஒரு வாரம் யோசித்தார். பிறகு அவரும் அங்கியைக் கொண்டுவந்து காயப்போட்டார்.

ரோமில் ஒரு திரைப்படச் சங்கம் அவனைத் தன் நிலவறைக்குக் கூப்பிட்டது. அவன் படம் முடிந்தும் திரை இருட்டவில்லை. அடுத்த இயக்குநரின் படம் ஒரு மண்ணும் தெரியாமல் போக, அவர் எர்மெதேயின் சட்டையைப் பிடித்துவிட்டார். சங்கத்தார் வேறு வழியில்லாமல் அங்கே தக்காளி போட்டார்கள், கொத்துக் கொத்தாகக் காய்த்தது. டூரின் படவிழாவில் நடுவர்களுக்கு வெயில் பட்டு மூக்குத் தோல் உரிந்தது, பரிசும் கொடுத்தார்கள். ஒரு தயாரிப்பாளர் பெரிய காரில் வந்து, ஒரு நல்ல நடிகையைப் போடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். "வெயிலுக்கு எதுக்குய்யா நடிகை?" என்று கேட்டு அவரை வழியனுப்பி வைத்தான். இப்படிப் பத்து வருஷம் ஓடியது.

ஆனால் அவனுக்கு வேண்டியிருந்தது ஜெலிந்தா. வினிகர் வாங்கிய அன்றைக்கே, என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டிருந்தான். "நீ என்னத்தை எடுக்கிறேன்னே எனக்குத் தெரியாதேடா. ஒரு படத்தையாவது கண்ணு மூடாம முழுசாப் பார்க்கிறேன். பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள் அவள். நியாயமான பேச்சு. ஆனால் விடியும் முன்பே எழுந்து தணலருகே நிற்கிறவள், அந்த இதமான வெயிலுக்கு முன்னால் உட்கார்ந்தால் என்ன ஆவாள்? ஐந்தாவது நிமிஷம் குறட்டை. ஒவ்வொரு படத்துக்கும் இதே கூத்து. வேறு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தவர்களை, "இன்னும் படம் பார்த்து முடிக்கல" என்று திருப்பி அனுப்பினாள்.

"பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன், யாரு கேக்கப் போறா?" என்றார் மதுக்கடைக்காரர் ப்ரிமோ.

"போங்க அண்ணே. பொய்யில ஆரம்பிக்கிற குடித்தனம் எனக்கு வேண்டாம்."

அந்தப் பத்தாவது வருஷக் குளிர்காலத்தில் அவள் அண்ணன் பெல்ஜியத்திலிருந்து கூப்பிட்டான், அங்கே நல்ல வேலை இருக்கிறதாம். ஈஸ்டருக்குப் பிறகு கிளம்புவதாக அவள் முடிவு செய்துவிட்டாள். எர்மெதே உடனே காமிராவை எடுத்துக்கொண்டு படகில் ஏறினான். வெயில் எங்கே இருக்கிறது அந்த மாதத்தில்? இருந்ததை எடுத்தான், மூடுபனியை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்கக் கூடத்துக்குள் காட்டினான். திரையிலிருந்து பனி இறங்கி முன்வரிசையை மூடியது, பிறகு எல்லாரையும் மூடியது. காயலில் பனி இறங்கினால் எங்கள் ஆட்கள் தூங்க மாட்டார்கள். படகும் படகும் முட்டிக்கொள்ளாமல் இருக்க ஆளாளுக்குத் தன் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே வருவார்கள். கூடத்திலும் அந்தப் பழக்கம் தானாக வந்துவிட்டது. "ப்ரிமோ இங்கே!" "பாதிரியார் இங்கே, காலை மிதிக்காதீங்க!" தலை சரிந்துகொண்டிருந்த ஜெலிந்தா விருட்டென்று எழுந்தாள்.

"ஜெலிந்தா இங்கே! எர்மெதே, எங்கடா இருக்க?"

"இங்கதான், மெஷின் கிட்ட!"

குரலைப் பிடித்துக்கொண்டு நாற்காலிகளில் இடித்தபடி நடந்தாள். கூப்பிட்டாள், அவன் பதில் சொன்னான், மறுபடி கூப்பிட்டாள். கடைசியில் கையில் அவன் சட்டை தட்டுப்பட்டபோது ரீலும் ஓடி முடிந்து டக்டக்கென்று அடித்துக்கொண்டது. யாரும் எழுந்து போயிருக்கவில்லை. கதவு எங்கே என்று தெரிந்தால்தானே போவதற்கு.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது."

"ஒண்ணுமே தெரியல. உன் குரல் மட்டும்தான். ஆனா ஒரு நொடி கூடக் கண்ணை மூடல."

"அப்போ?"

"அப்போ என்ன அப்போ? அண்ணனுக்கு வரலைன்னு எழுதிடறேன்."

பனிக்குள் எந்தப் பக்கமென்று தெரியாமல் எல்லாப் பக்கமும் கைதட்டல் கேட்டது. கல்யாண விருந்தையும் அந்தக் கூடத்திலேயே வைத்தார்கள். சுட்ட விலாங்கையும் சோளக்களியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கைமாற்றினார்கள், ப்ரிமோவின் தட்டு மட்டும் இரண்டு தரம் வேறு யாருக்கோ போய்விட்டது. பனி இன்னும் அங்கேதான் இருக்கிறது. உள்ளே போகிறவர்கள் வாசலிலேயே தங்கள் பேரைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.