சிங்காரம் மல்லாந்து படுத்தது

கணவன் வீட்டை விட்டுத் தங்கை வந்தபோது தோளில் ஒரு பையும், கக்கத்தில் மிளகு என்ற குட்டி நாயும் மட்டும் இருந்தன. பஸ் ஓட்டுநரான அக்கா கதவைத் திறந்ததும், அவளுடைய நாய் சிங்காரம் பாய்ந்து வந்தது. கன்றுக்குட்டி அளவு உடம்பு. கீழே இறக்கிவிடப்பட்ட மிளகு அசையவில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு முறைத்தது. சிங்காரம் காதை மடக்கி, பார்வையைத் திருப்பி, மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது.

அக்காவுக்கு மானமே போய்விட்டது. "அடேய் தடியா, உன் ஒரு வாய்க்குக் காணாது அது. அதுக்கா பயப்படற?"

அன்றிலிருந்து அவள் சிங்காரத்தின் கட்சி. சோற்றை அதற்குத்தான் முதலில் வைத்தாள். மிளகு சோபாவில் ஏறினால் இறக்கிவிட்டுச் சிங்காரத்தை ஏற்றினாள். அது உதட்டை நக்கிக்கொண்டு சங்கடத்தோடு உட்கார்ந்திருக்கும். மிளகின் உறுமல் நாளுக்கு நாள் கூடியது.

ஒரு நாள் காலை, மிளகு வாய் வைத்த தட்டைப் பிடுங்கிச் சிங்காரத்தின் முன் தள்ளினாள். மிளகு பாய்ந்தது. அக்கா பின்னால் நிற்கும் தைரியமோ என்னவோ, சிங்காரம் இம்முறை படுக்கவில்லை, திருப்பிக் கடித்தது. பிரித்தெடுப்பதற்குள் சிங்காரத்தின் காது கிழிந்து, மிளகு நொண்டத் தொடங்கியிருந்தது.

காதைத் தைத்த டாக்டர் அம்மா நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதுங்களே பேசி முடிச்ச விஷயத்துல நீங்க ஏம்மா நடுவுல போனீங்க? படுத்துக் காட்டறது தோல்வி இல்ல. சண்டை வேணாம்னு சொல்றது."

வீட்டுக்கு வந்ததும் தங்கை பையை எடுத்தாள். "நாங்க கிளம்பறோம்க்கா. எங்க போனாலும் தொந்தரவுதான்."

"உக்காருடி முதல்ல! சிங்காரம் படுக்கறப்பல்லாம் எனக்கு உன் ஞாபகம்தான். நீயும் அங்க இப்படித்தானே குனிஞ்சு கிடந்த? அதான் வயிறு எரியுது."

தங்கை மெதுவாகச் சொன்னாள்: "அது வேறக்கா. சிங்காரம் படுத்தா மிளகு அதோட நிறுத்திக்குது. நான் எவ்வளவு குனிஞ்சும் அவர் நிறுத்தல. அதனாலதான் வந்துட்டேன்."

அக்கா பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வர வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் சோறு முதலில் மிளகுக்கு. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சிங்காரம் தன் முறைக்குக் காத்திருந்து, நிம்மதியாகத் தின்றது. காயங்கள் ஆறிய பிறகு இரண்டும் கூடத்தில் உருண்டு புரண்டன. நடுவில் மிளகு தானாகவே மல்லாந்து படுத்துக் காலை ஆட்டியது.

"இதென்னடி, இப்ப இது படுக்குது?"

"விளையாட்டுல மாத்தி மாத்திப் படுக்கும்க்கா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த உற்சாகத்தில், "எங்க டிப்போ ஆபீஸ்ல உனக்கு வேலைக்குச் சொல்லிட்டேன். திங்கக்கிழமை வந்துடு" என்றாள்.

"வேணாம்க்கா. நான் முன்ன வேலை பார்த்த பல் ஆஸ்பத்திரியில திரும்பக் கூப்பிடறாங்க. எனக்கு அதான் பிடிச்சிருக்கு."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தங்கை பார்வையைத் தாழ்த்தாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, உன் இஷ்டம்" என்றாள் அக்கா.