எள்ளில் பாதி

"மூச்சு விடாத. பறந்துடும்" என்றார் கட்டிலில் படுத்திருந்தவர்.

சொன்னவருக்கே மூச்சு பாதிதான் வந்துகொண்டிருந்தது. அவர் மனைவி டைலரம்மா, நகத்துணுக்கைவிட மெல்லிய பித்தளைப் பட்டையை இடுக்கியால் எடுத்து விமான இருக்கையின் முதுகில் வைத்தாள். ஊசி முனையில் தொட்டு வைத்திருந்த பசை அதைக் கவ்விக்கொண்டது.

"ஒண்ணு ஆச்சு" என்றாள்.

"இன்னும் மூணு" என்றார் அவர்.

உள்ளங்கை நீளம்கூட இல்லாத மாடல் விமானம். இருவர் உட்காரும் பயிற்சி விமானம் என்று சொல்லியிருந்தார். இறக்கை, வால், சக்கரம் எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டன. முன் இருக்கையின் பெல்ட் பட்டைகள் மட்டும் பாக்கி. அதைப் போட்டால்தான் மேலே கண்ணாடிக் கூண்டை ஒட்ட முடியும். கூண்டை ஒட்டிவிட்டால் அப்புறம் உள்ளே ஊசிகூட நுழையாது.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. யாராவது கேட்டால், "இருபத்தெட்டு வருஷம் மேலயும் கீழயும் போயாச்சு. பக்கவாட்டுல போக மட்டும் வாய்க்கலை" என்பார்.

எட்டு மாதத்துக்கு முன் மகள் விடுமுறையில் வந்திருந்தாள். சும்மா இருக்க மாட்டாதவள், அப்பாவின் அறையைச் சுத்தம் செய்கிறேன் என்று இறங்கினாள். ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு பித்தளைத் தகடு கிடந்தது. மாடல் பெட்டியோடு வந்த வேண்டாத கழிவு என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டாள். பட்டைகளும் பக்கிள்களும் அந்தத் தகட்டிலிருந்துதான் வெட்டி எடுக்கப்பட வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"உனக்கு இருக்கிறது கையா, காலா?" என்று கத்தினார் அவர். "இந்த வீட்டுல இனிமே எதையும் தொடாத."

மகள் அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் போனில் "அப்பா எப்படி இருக்கார்?" என்பாள். இவர் சுவரைப் பார்த்து "குட்டி என்ன சொல்றா?" என்பார். டைலரம்மா இரண்டு துணியையும் சேர்த்துப் பிடித்து நடுவில் தையல் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டத்தான் இல்லை.

வேறொரு தகடு தேடிப் பிடித்து வரவழைப்பதற்குள் ஐந்து மாதம் போய்விட்டது. அது வந்தபோது அவருடைய கைகள் நடுங்க ஆரம்பித்திருந்தன. அப்புறம் ஆஸ்பத்திரி. அப்புறம், வீட்டிலேயே வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் அனுப்பி வைத்தது. தினமும் மதியம் ஊசி போட வரும் நர்ஸ் நேற்று வாசலில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இன்னிக்கோ நாளைக்கோதான்மா. பொண்ணை வரச் சொல்லிடுங்க. அதுவரைக்கும் பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க. தூங்க விட்டா அப்படியே போயிடுவார்."

மகள் காலையிலேயே கிளம்பிவிட்டாள். ஏழு மணி நேரப் பயணம்.

அவள் வருகிறாள் என்று சொன்னதும் அவர் முதலில் கேட்டது இந்த விமானத்தைத்தான். "அவ வரும்போது இது முடிஞ்சிருக்கணும். குறையா இருந்தா அவ கண்ணு நேரா அங்கதான் போகும். அன்னிக்கு நான் பேசினதுதான் ஞாபகம் வரும்."

"அதுக்கு எதுக்குங்க விமானம்? தப்பா பேசிட்டேன்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதாதா?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "அதெல்லாம் எனக்கு வராதுடி."

அப்படித்தான் அவளுடைய கைக்கு இடுக்கி வந்தது. அவருக்கு அவசரம், மகள் வருவதற்குள் முடிய வேண்டும். அவளுக்கோ மகள் வரும்வரை முடியவே கூடாது. வேலை பாக்கி இருக்கும்வரை அந்தக் கண்கள் திறந்திருக்கும் என்று காலையிலேயே கண்டுகொண்டாள். அதனால் சரியாக உட்கார்ந்த மடிப்பையும் பிரித்தாள். பிரித்ததை மறுபடி மடித்தாள்.

"ஏன்டி இவ்வளவு மெதுவா? கல்யாணத் துணியையே இதைவிடச் சீக்கிரம் தைச்சுக் கொடுப்பியே!"

"கல்யாண வீட்டுக்காரங்க உங்களை மாதிரி பக்கத்துல படுத்துக்கிட்டுத் தொணதொணக்க மாட்டாங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் பிடித்தது. அவள் பஞ்சை நனைத்து அவர் உதட்டில் வைத்தாள். கண் மூடப் போகிறது என்று தெரிந்ததும், "ஏங்க, ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் அவசரமாக. "அலமாரியில ஏழு விமானம் இருக்கே, எதுலயுமே நீங்க பெல்ட்டைச் சரியா போடலை."

கண் திறந்துகொண்டது. "என்ன சரியில்லை?"

"பெல்ட்டுன்னா துணிதானே? துணின்னா விழணும். நீங்க போட்டதெல்லாம் ஸ்கேல் மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்குது."

"இத்தனை வருஷமா சொல்லலியே?"

"நீங்க கேக்கலியே."

இரண்டாவது பட்டையை இடுக்கியில் பிடித்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டச் சொன்னார். சிவந்ததும் எடுக்க வேண்டும், ஒரு நொடி தாமதித்தாலும் சுருண்டுவிடும். எடுத்தாள். பித்தளை இப்போது நைந்த நாடாவைப் போல இளகியிருந்தது. இருக்கையின் விளிம்பில் அதைத் தொங்கவிட்டு, நுனியை லேசாகத் திருப்பி விட்டாள். முப்பது வருடமாக இடுப்புப் பட்டிகளையும் தோள் பட்டிகளையும் தைத்த விரல்களுக்கு அது யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. மூன்றாவதையும் அப்படியே. முதலில் ஒட்டியதையும் பெயர்த்து, இளக்கி, மறுபடி வைத்தாள்.

விமானத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, பூதக்கண்ணாடியையும் பிடித்தாள். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"யாரோ இப்பதான் எழுந்து போன மாதிரி இருக்கு" என்றார்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மகள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஆட்டோ பிடித்துவிட்டாள் என்று செய்தி வந்திருந்தது. இன்னும் அரை மணி நேரம்.

நான்காவது பட்டையும் உட்கார்ந்துவிட்டது. அதன் நுனியில் பக்கிள் ஒன்றுதான் மிச்சம். எள்ளில் பாதி இருக்கும். இடுக்கியால் எடுத்தாள். இனி எதைச் சொல்லி இழுத்தடிப்பது என்று யோசித்தபோது விரல் தன்னை அறியாமல் அழுத்திவிட்டது. சின்னச் சத்தம்கூட இல்லை. இடுக்கி நுனி காலியாக இருந்தது.

"அசையாத!" என்றார் அவர். நான்கு நாளில் அந்தக் குரல் அவ்வளவு பலமாக வந்ததில்லை.

அந்த வீட்டுச் சட்டம் அது. சாமான் தெறித்தால் யார் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே நிற்க வேண்டும். ஒரு முறை தண்ணீர் கேன் போட வந்தவர் கேனைத் தோளில் வைத்தபடி பத்து நிமிஷம் நின்றிருக்கிறார்.

டைலரம்மா முழங்காலில் இறங்கினாள். மஞ்சளும் பழுப்புமாகப் புள்ளி தெளித்த மொசைக் தரை. பித்தளையைத் தொலைப்பதற்கென்றே போட்டது போல இருந்தது.

"நினைச்ச இடத்துல இருக்காது. எதிர்ப்பக்கம் பாரு" என்றார். சற்றுப் பொறுத்து, "இருக்கா?"

"இல்லைங்க."

உள்ளங்கையால் தரையைத் தடவிக்கொண்டே மேசைக்கு அடியில் போனாள்.

"இருக்கா?"

"தேடறேன். பேசிக்கிட்டே இருங்க."

மூச்சு மட்டும் கேட்டது. ஒன்று. பிறகு ஒரு இடைவெளி. இன்னொன்று. மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் தையல் மெஷின் சக்கரம் இரண்டு சுற்று தானாகவே சுற்றுமே, அந்த மாதிரி ஒன்று, மெதுவாக இன்னொன்று.

அவள் அடுத்ததற்காகக் காத்திருந்தாள். தலையைத் தூக்கினால் தெரிந்துவிடும். தூக்கவில்லை. ஒவ்வொரு மஞ்சள் புள்ளியாக விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாள்.

வாசலில் ஆட்டோ நின்றது. பை இழுபடும் சத்தம்.

"அம்மா!"

"அங்கேயே நில்லு!"

மகளின் கால் நிலைப்படியிலேயே நின்றது. ஏன் என்று கேட்கவில்லை. "எது விழுந்துச்சு?" என்றாள்.

"பக்கிள்."

செருப்பு வெளியே கழன்றது. அவள் படியருகிலேயே மண்டியிட்டு, போனின் விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்து வைத்தாள். அப்படி வைத்தால் தூசிகூட நிழல் காட்டும். அப்பா கற்றுக்கொடுத்தது. அலமாரி மறைப்பதால் அங்கிருந்து பார்த்தால் கட்டிலின் கால்மாடு மட்டும்தான் தெரியும்.

"அப்பா முழிச்சிருக்காரா?"

டைலரம்மா அடுத்த மஞ்சள் புள்ளியைத் தொட்டாள். "நீ பேசு" என்றாள். "நீ பேசு, குட்டி."

மகள் தரையைப் பார்த்தபடியே நகர்ந்து வந்தாள்.

"அப்பா, நான் வந்துட்டேன். நீ முழிச்சுக்கிட்டுதான் இருப்பே, சாமான் விழுந்தா உனக்கு ஏது தூக்கம்?" விளக்கு ஒரு சாண் முன்னே வந்தது. "அன்னிக்கு அது நிஜமாவே குப்பைன்னுதான்ப்பா நினைச்சேன். உன்கிட்ட சொல்லலை, குப்பை வண்டி பின்னால மூணு தெரு ஓடினேன். அந்த ஆள் பாவம், எனக்காக மூட்டையெல்லாம் கொட்டிக் காட்டினார். முட்டை ஓடு, முடி, எல்லாம் கையால அளைஞ்சேன். கிடைக்கலை. சொன்னா நீ சிரிப்பேன்னு சொல்லலை. கோபம் வேற." அவள் மூக்கை உறிஞ்சினாள். "எட்டு மாசம் ரொம்ப ஜாஸ்திப்பா. ரெண்டு பேருக்குமே ஜாஸ்தி."

மேசைக்கு அடியில் டைலரம்மா நெற்றியைத் தரையில் வைத்திருந்தாள். சொல்லட்டும், பாக்கி இல்லாமல் சொல்லி முடிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு கட்டில் கால்வரை வந்தது. கட்டிலிலிருந்து தொங்கிய கையின் நிழல் சுவரில் பெரிதாக விழுந்தது. மகளின் பேச்சு நின்றது. அவள் மெல்ல நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த விரல்களைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"எப்பம்மா?"

"நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னால."

"எவ்வளவு முன்னால?"

"தெரியலைடி. நான் கீழ இருந்தேன்."

மகள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். மேசை மேலிருந்த விமானத்தில் பார்வை பட்டது. நான்கு பட்டைகள், துணியைப் போலவே தளர்ந்து.

"இது அவர் போட்டதில்லையே."

"நான்தான். அவர் சொல்லச் சொல்லப் போட்டேன். நீ வர்றதுக்குள்ள முடிச்சுடணும்னு ஒரே பிடிவாதம்."

மகள் தொங்கிய கையை எடுத்து அவருடைய மார்பின் மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் அதைப் பிடித்தபடியே இருந்தாள். பிறகு மறுபடி தரையில் இறங்கி, விளக்கைச் சாய்த்து வைத்தாள்.

"கட்டிலுக்கு அடியில நான் பார்க்கறேன்" என்றாள். "நீ சுவர் ஓரமா வா."

இருவரும் அருகருகே முழங்காலில் நகர்ந்தார்கள்.

வெளிக் கதவு கிறீச்சிட்டது. "என்னம்மா, கதவைத் திறந்து போட்டுட்டு..." என்றபடி நர்ஸ் வந்தாள்.

"உள்ள வராதீங்க" என்றாள் மகள், திரும்பாமலே. "ஒரு சாமான் விழுந்து கிடக்கு."

நர்ஸ் தரையில் கிடந்த இரண்டு முதுகுகளையும் பார்த்தாள். ஒரு செருப்பைக் கழற்றியிருந்தாள். மற்றதைக் கழற்றாமல், மருந்துப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, நிலைப்படிக்கு வெளியே அப்படியே நின்றாள்.